யார் உயரத்துக்கு மாட்டுவது?

முந்தாநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு அப்பாடா என்று கண்ணை மூடினேன், பிரியா போன் செய்துவிட்டாள். நான் வேலை பார்த்த விளையாட்டுச் சாமான் கடையில் இப்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற பெண் அவள். நான் ஓய்வு பெற்றுவிட்ட சேதி அவளுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. "அண்ணே, தூங்கினு கீறீங்களா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டாள். ஓர் அம்மா வந்து நிற்கிறார்களாம். வீட்டில் தொங்கவிட்டுக் குத்துகிற பை வேண்டுமாம், வீட்டுக்காரருக்கு.

"அவரு இன்னா ஒசரம்னு கேட்டா முழிக்கிறாங்கண்ணே. யாருகிட்ட கத்துக்கிறாருன்னு கேட்டா அதுக்கும் பதில் இல்ல. எந்த பைய குடுக்கட்டும்?"

"உக்காரச் சொல்லு. ஒரு டீ வாங்கிக் குடு. நானே கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டேன். அதற்கப்புறம் எங்கே தூக்கம் வரும்?

எனக்கு வலது தோள் மேலே எழும்பாது. தலை வாருவதே இடது கையால்தான். அண்ணாந்து பார்த்துக்கொண்டு அடுத்தவர் வீட்டுக் கூரையில் ஓட்டை போட்டே தேய்ந்துபோன தோள் இது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா வேல பாத்தீங்க?" என்று கேட்டார். "பை மாட்டுற வேல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் தெம்பு இல்லை.

கடை அம்பத்தூர் ஓ.டி.க்குப் பக்கத்தில் ஒரு சந்தில் இருக்கிறது. கராத்தே, பாக்ஸிங், சிலம்பம் என்று வீட்டிலேயே பழகுகிறவர்களுக்கு வேண்டிய சாமான்கள் அங்கே கிடைக்கும். குத்துப்பை, கையுறை, தரையில் விரிக்கிற மெத்தைப் பலகை, கணுக்கால் காப்பு, கம்பு. நான் அதற்கு முன்னால், எஸ்டேட் என்று நாங்கள் சொல்கிற தொழிற்பேட்டையில், ஒரு சின்ன கம்பெனியில் டிரில்லிங் மிஷின் ஓட்டினேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஓட்டை போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று இஸ்மாயில் பாய் சொல்லி அனுப்பினார், போனேன். மற்றதெல்லாம் அவரைப் பார்த்துப் பார்த்து வந்ததுதான்.

பாய் பூந்தமல்லிக்காரர். கடை முதலாளி. அவர் சாமான் விற்ற விதத்தைப் பார்த்தால் கடை எப்படி நடக்கிறது என்றே சந்தேகம் வரும். பை கேட்டு வருகிறவரை, உயரம் பார்ப்பதற்காக, முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்வார். பிறகு கேள்விகள். எந்த மாடி? கீழே யார் குடியிருக்கிறார்கள்? மேலே கான்கிரீட்டா, ஷீட்டா? கடைசியில்தான் முக்கியமான கேள்வி வரும். "யாரு அடிக்கப் போறது?" அடிக்கப் போகிற ஆளே நேரில் வர வேண்டும் என்பது கடைச் சட்டம். வந்ததும், "கைய மூடு நைனா" என்பார். கட்டைவிரலை உள்ளே வைத்து மூடினால் போச்சு. அந்தக் கையோடு பையைக் குத்தினால் முதலில் விரல்தான் ஒடியும். "போயி ஒரு மாஸ்டர் கையில பழகினு வா. பை எங்கயும் ஓடிடாது" என்று அனுப்பிவிடுவார். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்கள் நிறைய.

அம்மாக்கள் வந்தால் இன்னும் பேஜார். பள்ளிக்கூடச் சட்டை எடுக்கிற மாதிரியே கையுறையும் கேட்பார்கள். "வளர்ற புள்ள பாய், ஒரு சைஸ் பெருசாவே குடுங்க." பாய் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். இல்லை என்று சொல்லப் போகிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். "கை உள்ள ஆடிச்சுன்னா மணிக்கட்டு போயிடும்மா. வளந்தப்புறம் வா" என்பார். கம்பு கேட்டால் நெற்றிப்பொட்டு உயரத்துக்கு வெட்டித் தருவார். அதற்கு மேல் ஒரு விரற்கடை கூட விடமாட்டார்.

அவர் இப்படிக் குடைந்ததற்குக் காரணம் உண்டு. ஆவடியில் ஒருத்தர், வேறு கடையில் பை வாங்கி, சித்திரை வெயிலில் மின்விசிறியைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டார். நாலு குத்துதான், கூரைப் பூச்சு பெயர்ந்து சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது. அவர் மனைவி எங்களைக் கூப்பிட்டு, "எனக்கு ஃபேன் வேணும், அவ்ளோதான்" என்றார். இந்தத் தப்பை எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் செய்திருக்கிறார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஐயப்பன்தாங்கலில் ஒரு அடுக்குமாடியில் கொக்கியெல்லாம் நானே சரியாகத்தான் போட்டேன். ஆனால் கீழ் வீட்டுச் சாமி படம் சுவரிலிருந்து விழுந்துவிட்டது. "அடிக்கிற ஊட்ட விட்டுட்டு கீழ் ஊட்ட பாருடா" என்று பாய் என்னைத் திட்டித் தீர்த்தார். அந்தப் பையைக் கழற்றி, அடியில் மணல் நிரப்புகிற நிற்கும் பையாக மாற்றிக் கொடுத்தோம். அதிலிருந்து வீட்டைப் பார்க்காமல் பை விற்பதில்லை என்று ஆயிற்று. பார்க்கப் போகிறவன் யார்? நான்தான். ஏணி, டிரில், பை, எல்லாம் என் தலையில்.

இப்போது போனில் ஆர்டர் போட்டால் பை வீட்டு வாசலுக்கே பெட்டியில் வந்துவிடுகிறது. கொக்கியும் உள்ளேயே இருக்கிறது, எப்படி மாட்டுவது என்று படம் போட்டிருக்கிறான். எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. முன்னாடியே வந்திருந்தால் என் தோளாவது மிஞ்சியிருக்கும். அந்தச் சட்டதிட்டங்களால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லவும் நான் வரவில்லை. செல்வி விஷயத்தில் ஆளை வரவழைப்பது, வீட்டைப் பார்ப்பது எல்லாம் சரியாகத்தான் செய்தோம்.

செல்வி திருமுல்லைவாயிலிலிருந்து வந்தாள். எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. ஷிப்ட் முடிந்து கழுத்தில் அடையாள அட்டையோடு அப்படியே வந்து நின்றாள். குள்ளமான, ஒல்லியான உருவம். பை வேண்டும் என்றாள். பாய் வழக்கம்போல, "கைய மூடும்மா" என்றார். கட்டைவிரலை உள்ளே வைத்து மூடினாள்.

"எனக்கில்ல பாய். ஊட்டுக்காரருக்கு."

"அவர இட்டுனு வா."

"அவரு வரமாட்டாரு. நான் வாங்குறதே அவருக்குத் தெரியாது."

"எந்த மாஸ்டர்கிட்ட கத்துக்கிறாரு?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே வேகமாகப் பேசினாள். "அவருக்குக் கோவம் வந்தா எதையாச்சும் அடிச்சாவணும் பாய். கம்பெனிய மூடினதிலேர்ந்து இப்படித்தான். இப்ப பீரோவ அடிக்கிறாரு. பை இருந்தா அத்த அடிச்சுட்டுப் போவட்டும்னு பாக்குறேன்."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "இத்த அடிச்சா கை பழகும்மா. கோவம் எப்டிப் போவும்? இது பயிற்சி பண்றவனுக்கு. கோவக்காரனுக்கு நான் குடுக்கறதில்ல."

"அப்ப பீரோக்கு அடுத்தது யாரு பாய்?"

நான் கையில் வைத்திருந்த கையுறையை எதற்கோ திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் பாய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார். "விக்கிறதுதான உங்க வேல? நான் இன்னா ஓசியிலயா கேக்குறேன்?" என்று அவள் குரலை உயர்த்தினாள். பாய் என்னைப் பார்த்து, "தேவா, நீ போயி ஊட்ட பாத்துட்டு வா. அப்புறம் பேசலாம்" என்றார்.

மறுநாள் போனேன். சொந்த வீடு, கீழ் தளம், நல்ல கான்கிரீட். மாட்டுவதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. புருஷன் பெயர் குமரேசன். நல்ல உயரம், நிலைப்படியில் குனிந்துதான் வந்தான். நான் ஒரு முரடனை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவனோ, "வாங்கண்ணாத்தே" என்று என் கையிலிருந்த ஏணியை வாங்கிக்கொண்டான். ஏறும்போது பிடித்துக்கொண்டான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "செல்வி சொல்லுச்சு. நல்லதுதான், உடம்புக்கும் ஒரு வேலையாச்சு. சும்மாவே குந்தினு கீறேன்" என்று சிரித்தான். அவனைப் பிடிக்காமல் போக ஒரு காரணமும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பீரோ அந்த அறையிலேயே இருந்தது. பச்சைக் கதவு முழுக்கப் பள்ளம். எனக்கு எதைப் பார்த்தாலும் உயரம்தான் கண்ணில் படும், அது தொழில் புத்தி. பள்ளமெல்லாம் குமரேசன் நெஞ்சு உயரத்தில் இருந்தது. ஒரே ஒரு பள்ளம் மட்டும் கீழே, தனியாக இருந்தது. அவன் நின்றால் அவன் மேல்வயிற்றுக்கு வரும். செல்வி நின்றால் அவள் முகத்துக்கு வரும். கையைத் திருப்பிவிட்டானா, இவள் தலையைத் திருப்பிக்கொண்டாளா, அதை நான் யாரிடம் கேட்பேன்?

பாயிடம் அப்படியே சொன்னேன். அவர் அன்றைக்கு டீயே குடிக்கவில்லை. பீரோவுக்கு அடுத்தது யார் என்று அவள் கேட்டது அவரைக் குடைந்திருக்க வேண்டும். சாயங்காலம் அவரே குமரேசனுக்குப் போன் போட்டு, கடைக்கு வந்தால்தான் பை என்றார். அவன் வந்தான். பாய் அவன் கையை மூடச் சொல்லி, அந்த முஷ்டியைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விடவில்லை. கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"இந்தக் கை பைக்கு மட்டும்தான் நைனா. வேற எங்கயாச்சும் பட்டுச்சுன்னு கேள்விப்பட்டேன், வந்து பைய அவுத்துனு பூடுவேன். இன்னா சொல்ற?"

"சரி பாய்" என்றான் குமரேசன். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. பக்கத்தில் நின்ற நானும் நம்பினேன்.

மாட்டினேன். ஒழுங்காகத்தான் மாட்டினேன். அடிக்கிறவன் சுவரோரமாக நின்று தோள் உயரத்துக்குக் கையை நேரே நீட்ட வேண்டும். முஷ்டி வருகிற இடத்தில் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு. பையின் நடுவயிறு அந்தக் கோட்டுக்கு நேராக நிற்கும்படி சங்கிலியை ஏற்றி இறக்க வேண்டும். குமரேசன் கை நீட்டினான், கோடு போட்டேன், பை மேலே ஏறியது. செல்வி வாசற்படியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் சுற்றுகிற துணியை எப்படிச் சுற்றுவது என்று அவனுக்குக் காட்டினேன். அவளும் பார்த்தாள். கிளம்பும்போது, "ரொம்ப தாங்க்ஸ்ண்ணே" என்றாள்.

அதன் பிறகு நான் திருமுல்லைவாயில் பக்கம் எங்கே போய்விட்டு வந்தாலும் பாய் கேட்பார். "அந்த ஊட்டுப் பக்கம் போனியா? பை தொங்குதா?" வெளியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? "தொங்குது பாய்" என்பேன். படுக்கையில் விழுந்த பிறகும் ஒரு தபா கேட்டார். அந்த வருஷமே போய்ச் சேர்ந்தார். கடை அவர் மகன் கைக்கு வந்தது. வீட்டைப் போய்ப் பார்க்கிற வழக்கம் நின்றது. எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது.

நான் வேலையை விடப் போகிற சமயத்தில் செல்வி கடைக்குப் போன் செய்தாள். பை அடியில் கல்லாகிவிட்டது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். எல்லாப் பைக்கும் வருகிற வியாதிதான் அது. உள்ளே இருப்பது தையல் கம்பெனித் துணி வேஸ்ட். போகப் போக அது கீழே இறங்கி இறுகிவிடும். மேலே மெத்தென்று இருக்கும், அடியில் சுவரைக் குத்துகிற மாதிரி இருக்கும். அடியில் யாரும் குத்துவதில்லை, அதனால் யாரும் அதைப் பற்றிப் புகார் சொல்வதும் இல்லை. அப்படியானால் இவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்பது என் மண்டையில் உறைக்கவேயில்லை. தோள் வலியில், இவள் வேறு கூப்பிடுகிறாளே என்று முனகிக்கொண்டேதான் பஸ் ஏறினேன்.

குமரேசன் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டான். "அண்ணாத்தே, நல்லா கீறீங்களா?" என்றான். மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். டிவி அலறிக்கொண்டிருந்தது. செல்வி என்னை உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பையைப் பார்த்தேன். மேல் பாதி நான் மாட்டிய அன்றைக்கு இருந்த பளபளப்பு குறையாமல் அப்படியே இருந்தது. கீழே, அடிப்பாகத்தில், தோல் வெளுத்து, உரிந்து, ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தது. நல்ல தையல். கம்பெனித் தையல்.

"யாரும்மா அடிக்கிறது?"

"நான்தாண்ணே."

"அவரு?"

"வந்த புதுசுல அடிச்சாரு. மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சு, விட்டுட்டாரு." அவள் கதவைச் சாத்தவில்லை. குரலையும் தாழ்த்தவில்லை. "அப்புறம் ஒரு நாளு என்னிய அடிச்சாரு. பை இங்கயேதான் தொங்கினு இருந்துச்சு."

பாய் அந்த முஷ்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது கண் முன்னால் வந்தது. மனசு விட்டுப்போயிற்று.

"எங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டேன். வந்து வந்து கெஞ்சினாரு. இன்னொரு தபா கை வச்சா திரும்பி வரவே மாட்டேன், இந்த ரூம் இனிமே என்னுதுன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். வந்த அன்னிக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இத்தப் போட்டுக் குத்துனேன். கை வீங்கிப்போச்சு. அப்புறம் போன்ல பாத்துப் பாத்துக் கத்துகினேன். ஷிப்ட் முடிஞ்சு வந்தா தெனம் அடிக்கிறேன்."

"இப்ப எப்டி கீறாரு?"

"அன்னிலேர்ந்து தொடல." பையை ஒரு தட்டு தட்டிவிட்டு, "பீரோவையும்" என்றாள்.

இத்தனை வருஷம் அவள் குத்தியது பையின் கல்லான பாகத்தை. அவள் கைக்கு எட்டிய உயரத்தில் அதுதான் இருந்தது. அவர்கள் வீட்டு ஏணியிலேயே ஏறினேன். தோள் உயிரை எடுத்தது. பையை இறக்கி, வாயை அவிழ்த்து, உள்ளிருந்த துணியை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டேன். அவளும் கூட உட்கார்ந்து உதறினாள். "எங்க கம்பெனி துணி மாதிரியே கீது" என்று சிரித்தாள். உதறி, மறுபடி அடைத்து, தைத்துக் கட்டினோம். பிறகு, "வாம்மா, செவுத்தோரமா நில்லு. கைய நேரா நீட்டு" என்றேன்.

நின்றாள். தோள் உயரத்துக்குக் கையை நீட்டி மூடினாள். கட்டைவிரல் வெளியே, விரல்களின் மேல் கச்சிதமாக மடிந்திருந்தது. முஷ்டி வந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். குமரேசனுக்குப் போட்ட பழைய கோடு வெள்ளையடித்ததில் எப்போதோ மறைந்துவிட்டது. சங்கிலியில் வளையம் சேர்த்து, பையின் நடுவயிறு அவள் கோட்டுக்கு நேராக வருகிற வரைக்கும் இறக்கினேன்.

"அடிச்சுப் பாரு."

துணியைச் சுற்றிக்கொண்டு, குமரேசனுக்கு வாங்கிய பெரிய கையுறையைப் போட்டுக்கொண்டாள். காலை அகட்டி நின்று ஒரு குத்து விட்டாள். அறை முழுக்கச் சத்தம் கேட்டது. அடுத்த குத்துக்கு அவள் கையை இழுப்பதற்குள், முன்னறையில் டிவி சத்தம் குறைந்தது. யாரோ கையால் அமுக்கினது மாதிரி சட்டென்று அடங்கிப் போயிற்று. நான் திரும்பிப் பார்த்தேன்.

"எப்பவும் அப்டித்தாண்ணே" என்றாள் செல்வி. மறுபடி குத்தினாள்.

அவள் கை அளவுக்குச் சின்ன கையுறை ஒன்றை மறுநாள் கொடுத்தனுப்பினேன். நான் அந்தக் கடையில் கடைசியாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சாமான் அதுதான். அவள் ஏன் அந்த வீட்டிலேயே இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை? பாய் இருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நிம்மதியும் வருவதில்லை, கோபமும் முழுசாக வருவதில்லை. அலுப்புதான் வருகிறது.

பிரியாவைத் திரும்பக் கூப்பிட்டேன். அந்த அம்மா இன்னும் கடையில்தான் இருந்தார்கள், டீ குடித்தாயிற்று. யார் கண்டது, அவர்கள் வீட்டுக்காரர் நிஜமாகவே உடம்பைக் குறைக்க ஆசைப்படுகிற சாதுவான மனிதராக இருக்கலாம். வீட்டுக்கு வீடு குமரேசனா இருக்கிறான்?

"சொல்லுங்கண்ணே, அவருக்கு எந்த பைய குடுக்கட்டும்?"

"அவர விடு. அந்தம்மாவ செருப்பக் கழட்டிட்டு செவுத்தோரமா நிக்கச் சொல்லு. கைய நேரா நீட்டச் சொல்லி, எங்க வருதுன்னு பாத்து ஒரு கோடு போடு" என்றேன்.